மூன்றாவது முடிச்சும் ஒன்பது மணியும்

இந்த இனிய விருந்துக்குத் தலைமை தாங்கி, சந்தனம் கமழ, சால்வை மினுங்க, நடுநாயகமாக வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் உலகப்பன் அவர்களே! மாலையும் கழுத்துமாக மலர்ந்திருக்கும் மணமக்கள் வசந்தன், லோஷினி அவர்களே! பெக்கான் நானாஸிலிருந்து பேருந்து பிடித்து, அன்னாசிப் பழமும் அன்பும் சுமந்து வந்திருக்கும் பெண் வீட்டாரே! கூலாயின் குலக்கொழுந்துகளாகிய மாப்பிள்ளை வீட்டாரே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே! பின்வரிசையில் கைத்தொலைபேசிக்குள் முகம் புதைத்திருக்கும் இளையோரே! பட்டுச் சேலையும் பசித்த வயிறுமாகப் பொறுமை காக்கும் தாய்மார்களே! மேடை மேசைக்கு அடியில் ஒளிந்து விளையாடி என் காலைக் கிள்ளிக்கொண்டிருக்கும் மழலைச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஐயாசாமி இரு கரம் குவித்து வணக்கம் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மாப்பிள்ளைக்குப் பக்கத்து வீடு. செனாய் பக்கம் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை ஓட்டுகிறேன். அறிவிப்பாளர் தம்பி என்னிடம் வந்து, மாமா, ஐந்தே நிமிடம், வாழ்த்திவிட்டு இறங்கிவிடுங்கள் என்றார். வாழ்த்துகிறேன் தம்பி, வாழ்த்தாமல் எங்கே போகப்போகிறேன்? ஆனால் வாழ்த்துவதற்கு முன்னால் கொஞ்சம் திட்டவேண்டியிருக்கிறது. திட்டாமல் வாழ்த்தினால் எனக்குத் தொண்டையில் இறங்காது.

எரிச்சல்! என் அருமைப் பெருமக்களே, எரிச்சல்! எழுந்தால் எரிச்சல், இறங்கினால் எரிச்சல், ஏறினால் எரிச்சல்! காலையில் கைத்தொலைபேசியைத் திறக்கிறேன். கூடை கூடையாக ரோஜாப்பூ, கூடை கூடையாகக் காலை வணக்கம். அனுப்பியவர் யார்? எதிர்வீட்டுக்காரர். வேலிக்கு மேல் தலையை நீட்டி, என்ன ஐயாசாமி, எழுந்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்தா போய்விடும்? சரி, மனம் நொந்து ஒரு தேநீர் குடிக்கலாம் என்று கடைக்குப் போகிறேன். சீனி குறைவு, சீனி குறைவு என்று தொண்டை கிழியச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். வந்து சேர்வது பாகு. அதைக் குடித்துவிட்டு வெளியே வந்தால் என் காருக்குப் பின்னால் இன்னொரு கார். இரண்டு விளக்கையும் மினுக்கவிட்டுவிட்டு மனிதர் மாயமாய் மறைந்துவிட்டார். கூப்பிட்டால், ரெண்டே நிமிசம்லா என்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்குத் தாடி வளர்ந்துவிடுகிறது ஐயா!

அங்கே யார் சிரிப்பது? கமலநாதன்தானே? சிரிக்காதீர்கள். உங்கள் காரைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், வந்துகொண்டே இருக்கிறேன் என்பார்கள். பின்னால் குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். வந்துகொண்டிருக்கிற வழியில் ஆறு ஓடுகிறதா? அருவி விழுகிறதா? நான் பஸ் ஓட்டுகிறவன். என் பஸ் நின்றால் நிற்கும், கிளம்பினால் கிளம்பும். ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கையில் ரொட்டியுமாக ஓடி வந்து ஏறிய பிள்ளைகள், இன்றைக்கு மேலாளராகி இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைதட்டாதீர்கள், அவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.

ஆனால் பெருமக்களே, இவையெல்லாம் சில்லறை எரிச்சல்கள். கொசுக்கடி. இவற்றுக்கெல்லாம் ஒரு தலைவன் இருக்கிறான். நம் வீடுதோறும் வளர்கிறான், நம் வாய்தோறும் வாழ்கிறான். அவன் பெயர் பொய் நேரம்.

புரியவில்லையா? புரியாதது மாதிரி நடிக்காதீர்கள். பத்து மணிக்கு விசேஷம் என்றால், தாமதமாக வருகிற சித்தப்பாவிடம் ஒன்பது என்று சொல்லவில்லையா? அவரையும் மிஞ்சித் தாமதமாக வருகிற பெரிய மாமாவிடம் எட்டு என்று சொல்லவில்லையா? ஒரே கல்யாணம், ஒரே மண்டபம், ஆளுக்கொரு கடிகாரம்! சித்தப்பா மட்டும் லேசுப்பட்டவரா? ஒன்பது என்று சொன்னால் பத்து என்று அவரே திருத்தி எடுத்துக்கொள்கிறார். அது தெரிந்து நாம் அடுத்த முறை எட்டு என்கிறோம். அது தெரிந்து அவர் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுகிறார். இப்படியே போனால், ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குச் சனிக்கிழமை என்று அட்டை அடிக்கவேண்டிய காலம் வந்துவிடும்!

இந்தப் பொய் நேர ராஜ்ஜியத்துக்கு ஒரு பட்டத்து அரசி உண்டு. மாப்பிள்ளையின் அக்கா, மாசாயில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நம் பிரேமலா. பதறாதீர்கள், மேடை ஏறும் முன்பே அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பிரேமலா, ஆமாம் என்று இந்த அவைக்குச் சொல்லம்மா. பாருங்கள், தலையாட்டுகிறார். அவர் வீட்டுக்காரர் அவரைவிட வேகமாகத் தலையாட்டுகிறார்.

பிரேமலா தங்கமான பெண். தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் எந்த விசேஷத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. தீபாவளிக்கு வந்தால் முறுக்கு நமுத்திருக்கும். பிறந்தநாளுக்கு வந்தால் கேக் இருந்த தட்டுதான் இருக்கும். அதனால் அந்த வீட்டில் பிரேமலாவுக்கென்றே தனி நேரம் வைத்திருந்தார்கள். அம்மா செல்லம் ஒரு மணி நேரம் முன்னால் சொல்வார். தம்பி வசந்தன் இரண்டு மணி நேரம். கட்டிய கணவர் எவ்வளவு சொல்வார் என்று கேட்டேன். அது குடும்ப ரகசியம் என்றுவிட்டார்.

போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஒரு மாநாடு. நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். விஷயம் என்ன? முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்துக்குள். அந்த வீட்டு வழக்கப்படி தாலியில் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடவேண்டும். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவர் பிரேமலா ஒருவர்தான். அவர் வராமல் அந்த முடிச்சு இல்லை. கூடப்பிறந்தவருக்கு அட்டையா கொடுப்பார்கள், வாய்ச்சொல்தானே? ஆகவே அவரிடம் எட்டு என்று சொல்லுவோம் என்றார் செல்லம். எதற்கு வம்பு, ஏழு என்றே சொல்லிவிடலாம் என்றார் வசந்தன். அப்போது கைத்தொலைபேசித் திரையில் மணப்பெண் லோஷினி. சேலை நிறம் கேட்கக் கூப்பிட்டவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"வேணாம் அத்தை. நான் அந்த வீட்டுக்கு வர்றதே அக்காகிட்ட பொய் சொல்லிட்டு வர்றதா இருக்க வேணாம். நானே கூப்பிட்டு ஒம்பதுன்னு சொல்றேன்."

செல்லம் சிரித்தார். வசந்தன் சிரித்தார். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். பாவம், பச்சைப் பிள்ளை, பிரேமலாவைப் பற்றித் தெரியாமல் பேசுகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னபடி செய்தது. மாசாய்க்குக் கூப்பிட்டு, அக்கா, ஒன்பது மணிக்கு முகூர்த்தம், நிஜமாகவே ஒன்பது என்று சொன்னது. கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று பிரேமலாவும் வாக்குக் கொடுத்தார்.

பெருமக்களே, இங்கேதான் விதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது! நிஜமாகவே ஒன்பது என்று அந்த வீட்டில் சொல்லாதவர் யார்? பொய் சொல்கிற ஒவ்வொரு முறையும் நிஜமாகவே என்ற சொல்லைச் சேர்த்துத்தானே சொன்னார்கள்? பிரேமலா என்ன நினைத்தார்? அட, புதுப்பெண்ணுக்கும் இவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், ஒன்பது என்றால் பத்துதான் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் உண்மையைச் சொன்னார், அந்த உண்மை அவர் காதுக்குள் போய்ப் பொய்யாக மாறிவிட்டது.

இன்று காலை. கூலாய் கோயில் மண்டபம். மணி ஒன்பது தாண்டியது. மாப்பிள்ளை வந்தாயிற்று, பெண் வந்தாயிற்று, பூசணிக்காய் வந்தாயிற்று, நாத்தனாரைக் காணோம். செல்லம் என் பக்கம் பார்த்தார். நான் கூப்பிட்டேன். வந்துகொண்டே இருக்கிறேன் மாமா என்றார் பிரேமலா. பின்னால் தலைமுடி உலர்த்துகிற இயந்திரம் ஹோவென்று இரைகிறது! மாசாயில் ஒப்பனைக்கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வந்துகொண்டே இருக்கிறாராம். அம்மா, இங்கே தாலியைத் தட்டில் வைத்துவிட்டார்கள் என்றேன். அந்த இரைச்சல் பட்டென்று நின்றது.

"நெசமாவே ஒம்பதா மாமா?"

நிஜம்தான் என்றேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டியிருந்தார்களாம். மறு கண்ணுக்கு நிற்கவில்லை, பிரேமலா புறப்பட்டுவிட்டார்.

சும்மா விடுமா ஜோகூர்ச் சாலை? நான் முதலில் புலம்பினேனே, அந்த எரிச்சல்களுக்கெல்லாம் அண்ணன் தம்பிகள் உண்டு. அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் வழியில் காத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகிற ஒரு பெரிய மனிதர். டோல் சாவடியில், கட்டண அட்டையில் பணமே இல்லாமல் வந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்பவர்களையெல்லாம் நகரச் சொல்லிக் கைகாட்டுகிற ஓர் அம்மையார். ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் ஒருவரும் அப்படிச் செய்ததே இல்லையா?

மண்டபத்தில் நிலைமை என்ன? குருக்கள் பொறுத்துப் பார்த்தார். பத்தை நெருங்கியது. இனிமேல் தாங்காது, தாலியைக் கட்டுங்கள், மூன்று முடிச்சும் நல்ல நேரத்துக்குள் விழவேண்டும் என்றார். கெட்டிமேளம் முழங்கியது! அட்சதை பறந்தது! வசந்தன் குனிந்தார், ஒரு முடிச்சு போட்டார், இரண்டாவது முடிச்சும் போட்டார். போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி அப்படியே நின்றார். மேளம் நிற்கலாமா? தாலி கட்டி முடியாமல் கெட்டிமேளம் நிற்கலாமா? தவில்காரர் அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் இரண்டும் பன்னாகிவிட்டது. நம் அவைத்தலைவர் ஆசீர்வதிக்கத் தூக்கிய கையை இறக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தவித்தார். ஆம், தலைவரே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செல்லத்துக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பா மகள் பக்கத்தில்தான் நிற்கிறாள், அவளும் நாத்தனார் முறைதான், அவளே போடட்டும் என்று கைகாட்டினார். சித்தப்பா மகளும் வளையலை மேலே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பெண் வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. முகூர்த்தம் போய்விடுமோ என்று பெண்ணின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது, குனிந்த தலை நிமிராமல், லோஷினி பேசினார். மேளச் சத்தத்தில் எட்டடிக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"அக்கா வரட்டும். ஒம்பதுன்னு சொல்லி அவங்கள அழைச்சது நான்தான். அவங்க முடிச்சு விழாம நான் தலைய நிமுத்த மாட்டேன்."

என்ன துணிவு! எத்தனை தெளிவு! புகுந்த வீட்டுக்குள் இன்னும் ஒரு கால்கூட வைக்கவில்லை. வரவேண்டியவரோ நாளும் பொழுதும் தாமதமாக வருகிறவர். நல்ல நேரமோ கைக்குள் அடங்காமல் நழுவுகிறது. போகட்டும், யாராவது ஒருவர் போடட்டும் என்று விட்டிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்போமா? சொல்லியிருக்கமாட்டோம். ஆனால் அந்தப் பெண் தான் கொடுத்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தது. வசந்தனுக்கு முதுகு கடுத்தது. கயிற்றை அவரும் விடவில்லை.

வாசலில் ஒரு கூச்சல். மண்டபத்து நுழைவாயிலை மறித்து ஒரு மகராசன் காரை நிறுத்திவிட்டு, விளக்கை மினுக்கவிட்டு, காலைப் பலகாரம் சாப்பிடப் போயிருந்தார். அது யார் கார் என்று நான் சொல்லமாட்டேன், கமலநாதன், பயப்படாதீர்கள். பிரேமலா பெரிய சாலையிலேயே இறங்கிவிட்டார். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் கொசுவம். ஒரு கண்ணில் மை, ஒரு கண்ணில் கண்ணீர். பட்டுச் சேலை கட்டிய பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை ஐயா! கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மூச்சு வாங்க மேடையேறினார், தம்பி கையிலிருந்து கயிற்றை வாங்கினார், மூன்றாவது முடிச்சைப் போட்டார். குருக்கள் மணியைப் பார்த்துவிட்டு ஆயிற்று, நல்ல நேரத்துக்குள் ஆயிற்று என்றார். தூவுவதற்கு ஒருவர் கையிலும் அட்சதை இல்லை! எல்லாவற்றையும் முதல் முடிச்சுக்கே இறைத்துவிட்டோம். சமையல்கட்டிலிருந்து ஒருவர் பாஸ்மதி அரிசியை ஒரு தாம்பாளம் நிறைய அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நீளநீளமான அரிசியால் ஆசீர்வதிக்கப்பட்ட மணமக்கள் இந்த மாநிலத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். இந்தக் கைதட்டல் மேளக்காரர்களுக்கும் சேர்த்து.

ஆரவாரம் அடங்கியதும் பிரேமலா லோஷினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நிஜமாகவே ஒன்பதுதானா, உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்டார். லோஷினி இல்லை என்று தலையசைத்தார். அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிரேமலா ஒன்று சொன்னார்.

"இந்த வீட்ல எனக்கு யாருமே சரியான நேரம் சொன்னதில்லம்மா."

செல்லம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வசந்தன் தரையைப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடும்போதுதான் பிரேமலா எனக்கு மீதியைச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு காதுகுத்துக்கு, சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றாராம். மண்டபம் பூட்டிக் கிடந்ததாம். சேலை கசங்க, வெயிலில், காவல்காரரோடு உட்கார்ந்திருந்தாராம். தனக்கு மட்டும் பொய் நேரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். அன்றிலிருந்து சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவர் தாமதமாக வருவதால் இவர்கள் பொய் சொன்னார்கள். இவர்கள் பொய் சொன்னதால் அவர் தாமதமாக வந்தார். யார் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியுமா? நம் எல்லோர் வீட்டிலும் இதே கதைதானே நடக்கிறது?

பெருமக்களே, நான் கோபக்காரன். நாள் முழுதும் யோசித்தேன். இந்தப் பொய் நேரத்தை யாருக்குச் சொல்கிறோம்? வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று நினைக்கிறவர்களுக்கா சொல்கிறோம்? இல்லையே! அவர்களுக்கு அட்டையில் உள்ள நேரமே போதும். யார் வராமல் தொடங்க நமக்கு மனம் வராதோ, யார் முகம் தெரியாத விசேஷம் நமக்கு விசேஷமாகவே படாதோ, அவர்களுக்குத்தான் பொய் நேரம் சொல்கிறோம்! செல்லம் சொன்ன பொய்யில் பாசம் இருந்தது. வசந்தன் சொன்ன பொய்யில் ஏக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பாசம் பிரேமலாவுக்குப் போய்ச் சேரவில்லையே ஐயா! பூட்டிய மண்டபம்தானே போய்ச் சேர்ந்தது! நீ வராமல் நாங்கள் தொடங்கமாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு இத்தனை வருடம் யாருக்கும் நாக்கு எழவில்லை. இன்று காலை குனிந்த தலையோடு ஒரு பெண் அதைச் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்தும் நின்றது.

ஆகவே மாப்பிள்ளை வசந்தன் அவர்களே, உங்களுக்கு என் வாழ்த்து இதுதான். உங்கள் வீட்டில் இனி ஒரே நேரம் இருக்கட்டும். சொல்கிற நேரம் மெய்யாக இருக்கட்டும். வரவேண்டியவர் வரும்வரை, முதுகு கடுத்தாலும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனம் உங்கள் இருவருக்கும் என்றும் இருக்கட்டும். லோஷினி, மகளே, உன்னைப் பெற்ற பெக்கான் நானாஸுக்கு என் வணக்கம்.

அறிவிப்பாளர் தம்பி கையைக் காட்டுகிறார். முடிக்கிறேன், முடிக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

இன்றைய விருந்து ஏழு மணிக்கு. மத்தியானம் லோஷினி தன் நாத்தனாரிடம் அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், நிஜமாகவே என்ற சொல்லைச் சேர்க்காமல். ஒலிபெருக்கி பார்ப்பதற்காக நான் ஆறரைக்கே இங்கே வந்துவிட்டேன். கதவு திறக்கவில்லை. படிக்கட்டில், இரண்டு கண்ணிலும் மையோடு, ஒருவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னம்மா, இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். ஏழு என்று லோஷினி சொன்னாள் மாமா, அப்படியென்றால் ஏழுதான் என்றார் பிரேமலா.

இப்போது மணி ஒன்பதேகால். நீங்களெல்லாம் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

இத்தனை வருடமாக அவர் எப்போது வருவார் என்று நாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று எல்லோருக்கும் முன்னால் அவர் வந்துவிட்டார். தலைவர் உலகப்பன் அவர்களின் அனுமதியோடு, குத்துவிளக்கை ஏற்றி இந்த விருந்தைத் தொடங்கிவைக்க நம் பிரேமலாவை மேடைக்கு அழைக்கிறேன். எழுந்து வாம்மா. ஓட வேண்டாம், மெதுவாகவே வா, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். என் புலம்பலைப் பொறுத்துக்கொண்ட பெரியோர்க்கும், பசி பொறுத்த தாய்மார்க்கும், என் காலைக் கிள்ளிய குழந்தைகளுக்கும் இந்த ஐயாசாமியின் நன்றி. மணமக்கள் மகிழ்ந்து வாழட்டும், உங்கள் வீடெல்லாம் சிரிப்புச் சத்தம் நிறையட்டும், வணக்கம்!